பின்கழுத்து

அகல்யாவின் பின்கழுத்தில் படர்ந்திருந்த கறுப்பை அழுக்கென்றே நினைத்தாள் அவள் அம்மா சுகந்தி. ஞாயிறுதோறும் காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்துவிட்டாள். தோல் எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. "பத்தாவது படிக்கிற பிள்ள, கழுத்தக்கூட கழுவத் தெரியல" என்பாள். வகுப்பில் சிரிப்பார்களே என்று அகல்யா பின்னலைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கு வந்த டாக்டரம்மாதான் அந்தப் பின்னலை விலக்கிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுவாரம் சுகந்தியை வரவழைத்தார்.

"இது அழுக்கில்லம்மா. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது, இன்னும் உள்ள வரல. தேய்க்காதீங்க. பாட்டில் ஜூசை நிறுத்துங்க. ஓடி விளையாடட்டும், நேரத்தோட தூங்கட்டும். அது வந்த வழியே போயிரலாம்."

வெளியே வந்ததும் சுகந்தி கேட்டாள்: "ரொம்ப எரிஞ்சுதாடி?"

"இல்லம்மா" என்று பொய் சொன்னாள் அகல்யா.

பேருந்தில் அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. பின்னால் நின்ற அகல்யா, அம்மாவின் கொண்டைக்குக் கீழே அதே கறுப்பைப் பார்த்தாள். அதைச் சுற்றிலும், அன்று காலையில்தான் தேய்த்ததுபோல, தோல் சிவந்திருந்தது.

"அம்மா" என்றாள்.

சுகந்தி திரும்பவில்லை. முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.