பதினோரு மணிக்கு உயிரை விடும் கம்ப்யூட்டர்

"நீங்க அந்த ரூம் பக்கம் வந்தாலே அது உயிரை விட்டுடுது. கொஞ்சம் தள்ளியே இருங்க" என்று மனைவி ஆர்கிரோ சொன்னதும் ஸ்டாமாடிஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லை. போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் அதுதான் நடந்தது. பதினோரு மணிக்கு மெல்போர்னிலிருந்து மகன் திமோஸ் வீடியோவில் பேசிக்கொண்டிருப்பான். இவர் போய் வாசலில் நிற்கும்போது திரை கறுத்துக் கிடக்கும்.

கம்ப்யூட்டர் கடைக்காரன் கொஸ்மாஸ் மேசைக்கடியில் படுத்து ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தான். பவர் சப்ளையை மாற்றியாயிற்று, மெமரியைத் துடைத்து மாட்டியாயிற்று. துறைமுகத்தில் அவன் கடையில் நாலு நாள் விடாமல் ஓடியதாம், ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

"இங்க வந்தாதான் மாமா இதுக்குக் கிறுக்குப் பிடிக்குது. இன்னிக்கு எப்படி நிக்குதுன்னு கூடவே உட்கார்ந்து பார்த்துடறேன்" என்றவன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மேசை விளக்கையும் அதே பிளக்கில் செருகி எரியவிட்டான்.

இன்றைக்கும் நின்றால் போச்சு. அடுத்த ஞாயிறு பேரனுக்கு ஞானஸ்நானம். இந்தக் கியோஸ் தீவில் தலைப்பிள்ளை ஆண் என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர்தான் வைப்பார்கள். ஞானஸ்நானம் ஆகும்வரை பெயர் கிடையாது, அது வெறும் பாப்பா. ஆனால் திமோஸ் போன வாரம் போனில் அம்மாவிடம் பொரிந்து தள்ளிவிட்டான். அப்பாதான் வேண்டுமென்றே அணைக்கிறார், என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காதவர் பெயர் என் பிள்ளைக்கு எதற்கு, மாமனார் பெயரையே வைத்துவிடுகிறேன் என்று.

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பிசின் மரத்தோப்பை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போகிறேன் என்று அவன் கிளம்பிய அன்று, "இனி உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று கத்தியவர் இவர்தான். இரண்டு வருஷமாக அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்கோடா என்று முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை என்று சாமி படத்தின் மேல் கை வைத்துச் சத்தியமே செய்திருந்தார்.

மணி பத்தே முக்கால். ஸ்டாமாடிஸ் பால்கனிக்குப் போனார், வந்தார், காபியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். சும்மா நடந்துகொண்டே இருக்காமல் போய் ஷேவ் பண்ணுங்கள், அப்போதே ஹீட்டர் போட்டாயிற்று என்று ஆர்கிரோ விரட்டினாள்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் கொதித்தது. இந்த ஒரு மாதமாக இப்படித்தான், எந்நேரம் திறந்தாலும் கையைச் சுடுகிறது. அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஒரு கன்னத்தை முடித்திருந்தபோது அந்த அறையிலிருந்து, "அம்மா, தெரியறேனா?" என்று திமோஸின் குரல் கேட்டது.

கத்தியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார். கியோஸில் குளித்துவிட்டு வருகிற எவனும் ஹீட்டரை அணைக்காமல் வரமாட்டான். குடும்பமே அதற்குக் காவல். அவள் போடுவாள், இவர் அணைப்பார், முப்பத்தைந்து வருஷமாக இதுதான் வழக்கம். போன மாதம் எலக்ட்ரீஷியன் நடையில் மாட்டிய புது சுவிட்ச் பெட்டியில், வழக்கம்போல் கீழ்வரிசை ஓரத்து சுவிட்சைப் பார்க்காமலே தட்டிவிட்டு, அறையை நோக்கி நாலு எட்டு வைத்தார்.

திரை கறுத்துக் கிடந்தது.

"நான் தொடவே இல்லை" என்றார். ஆர்கிரோவின் மடியிலிருந்த போன் அடித்தது. எடுத்ததும் திமோஸ் கேட்ட கேள்வி எல்லோருக்கும் கேட்டது.

"அவர்தானே அணைச்சார்?"

கொஸ்மாஸ் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. மேசை விளக்கைப் பார்த்தான். அதுவும் அணைந்திருந்தது. பிறகு நுரை அப்பிய ஸ்டாமாடிஸின் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, பாத்ரூம்லேந்து வர்றப்ப எதையாவது தட்டினீங்களா?"

"ஹீட்டரை அணைச்சேன். அதுக்கென்ன?"

கொஸ்மாஸ் நடைக்குப் போய்ப் பெட்டியின் முன் குனிந்து நின்றான். ஓரத்து சுவிட்சைத் தூக்கினான். அறையில் விளக்கு எரிந்தது. இறக்கினான், அணைந்தது. மறுபடி தூக்கினான்.

"எலக்ட்ரீஷியன் ஹீட்டரை மேல்வரிசைக்கு மாத்தியிருக்கான் மாமா. அது ஒரு மாசமா நிக்காம ஓடுது. நீங்க வாராவாரம் அணைச்சது இந்த ரூமை. உங்க பையன் சொன்னது சரிதான்."

அந்தக் கம்ப்யூட்டர் திரும்ப உயிர்பெற எடுத்துக்கொண்ட மூன்று நிமிஷத்தில் ஸ்டாமாடிஸுக்கு மூன்று வருஷம் வயதாகிவிட்டது. போன் எப்போதோ கட்டாகியிருந்தது. அவன் எவ்வளவு கேட்டானோ தெரியவில்லை. ஒருவழியாகத் திரையில் திமோஸின் முகம் வந்தது. இளைத்திருந்தான். முன்நெற்றியில் முடி குறைந்திருந்தது.

"நான்தான்டா! நான்தான் அணைச்சேன், ஆனா வேணும்னு இல்லடா. ஹீட்டருன்னு நெனச்சுட்டேன். அன்னிக்குச் சொன்னதுக்கும் சேர்த்து மன்னிச்சுக்கோடா!" என்று, மெல்போர்னுக்கு நேராகவே கேட்டுவிட வேண்டும் என்பதுபோல் பெருங்குரலில் கத்தினார்.

பாதி நுரையும் பாதிக் கண்ணீருமாக இருந்த அந்த முகத்தைத் திமோஸ் பார்த்தான். பிறகு உதட்டில் விரலை வைத்தான்.

"கத்தாதீங்கப்பா, ஸ்டாமாடிஸ் தூங்கறான்."