குதிகால்

குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே மனைவியின் கால்கள். வேலைக்குப் போட்டுப்போன செருப்பைக்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

"நான்தாங்க. கதவத் தொறங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அதனால்தான் அவன் நம்பவில்லை.

அப்பாவும் இப்படித்தான் கூப்பிடுவார். "தொறடா கண்ணா, அப்பா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

திறந்தால் பெல்ட். திறக்காவிட்டாலும் பெல்ட்தான், கொஞ்சம் தாமதமாக.

பால்பல் விழுகிற வயதிலேயே அவன் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டான். குரலை நம்பக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். கதவுக்கு அடியில் பார்த்தால் கை தெரியாது. ஆனால் கையை ஓங்குகிற ஆளுக்குக் குதிகால் தானாக எழும்பும். பதிந்திருந்தால் திறக்கலாம். எழும்பியிருந்தால் மூச்சுகூட விடக் கூடாது.

இப்போது அவன் செருப்புக் கடையில் பெரிய கெட்டிக்காரன். வருகிறவரின் முகத்தைப் பார்க்காமலே கால் அளவைச் சொல்லிவிடுவான். இதெல்லாம் பிறவியிலேயே வரணும் என்று முதலாளி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வேறென்ன செய்வது?

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கதவு தட்டுகிற சத்தம் மட்டும் போகவில்லை. பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரை இழுத்தால் உடம்பு தூக்கிப் போடும். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டதில் நின்றபடியே தூங்கி விழுந்தான். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் யாருடைய குதிகாலும் எழும்பக் கூடாது.

மனைவியின் கால்கள் நகர்ந்தன. அடுத்த அறையில் அவள் போனில் யாரிடமோ அழுதுகொண்டே பேசுவது கேட்டது. உள்ளே என்ன செய்துகொள்வாரோ தெரியலையே, தெரியலையே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

சாகலாம் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. அதற்கும் எழுந்து நிற்க வேண்டுமே.

அப்போது நீல ஷூ இரண்டு மெதுவாக வந்து கதவருகே நின்றன.

மகள். போன வாரம் அவனே கடையிலிருந்து எடுத்துவந்த ஷூ. வளர்கிற பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக எடுத்திருந்தான். நாடா அவிழ்ந்து தரையில் கிடந்தது.

யாருக்குத் திறக்காவிட்டாலும் இவளுக்குத் திறக்க வேண்டும். சுவரைப் பிடித்து முட்டிபோட்டு, உள்தாழ்ப்பாளை நீக்கினான். கதவை இழுப்பதற்கு முன் பழக்கதோஷத்தில் குனிந்து கடைசியாக ஒரு தடவை பார்த்தான்.

நீல ஷூவின் குதிகால் எழும்பியது.

அவன் சட்டென்று தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒடுங்கினான்.

அடி விழவில்லை. கதவின் மேல்பக்கம் ஏதோ உரசி, டக்கென்று விழுந்தது. வெளித்தாழ்ப்பாள். பிள்ளை தண்ணீரைத் திறந்துவிட்டு விளையாடுகிறாளே என்று, அவளுக்கு எட்டாத உயரத்தில் அவன்தான் ஆள் வைத்து மாட்டினான். எட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அம்மா, நான் வெளிய தாப்பா போட்டுட்டேன். இனிமே அப்பா வர முடியாது."

ஷூச் சத்தம் ஓடி மறைந்தது.

அவனுக்கு அந்த வயதில் இது தோன்றியதே இல்லை. எப்போதும் தன்னைத்தான் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டான். பிள்ளை கெட்டிக்காரி. அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

வலது உள்ளங்கையைக் குளிர்ந்த தரையில் வைத்து அழுத்தினான். மத்தியானத்திலிருந்து அது எரிந்துகொண்டே இருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் மகள் கொட்டினாள். எழும்பியது அவனுடைய குதிகால். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.