தழும்பும் தெரியணும்

"பவுடர் வேணாங்க. தொடச்சிடறேன்."

வஹிதா அப்போதுதான் பூசி முடித்திருந்த பவுடரை அந்தப் பெண் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். இடது காதுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை இறங்கிய தழும்பு மறுபடியும் வெளியே வந்தது.

அன்வர் பாஷா கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். தர்மபுரியில் அவர் ஸ்டூடியோ திறந்த நாள் முதலாக, தழும்பை மறைக்கச் சொன்னவர்கள்தான் வந்திருக்கிறார்கள். பெண்கள் வந்தால் தலைவாரி, பவுடர் போட்டு உட்கார வைப்பது அவர் மனைவி வஹிதாவின் வேலை. அவளும் விழித்தாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் ஒரு முறை வாசலைப் பார்த்துக்கொண்டாள். "தீர்த்தம்மாளுங்க. இண்டூர்ப் பக்கம்."

"பவுடர் இல்லாட்டிப் பரவாயில்ல. இது பார்த்துக்கும்." அலமாரியிலிருந்து நீளமான லென்ஸ் ஒன்றைப் பூப்போல எடுத்தார். போன மாதம்தான் பெங்களூரில் வாங்கி வந்திருந்தார். "முகத்துக்குன்னே இருக்கற லென்ஸும்மா. தள்ளி நின்னு எடுத்தா மூக்கு, கன்னமெல்லாம் அளவா விழும். தழும்புகூட மெத்துனு ஆயிடும். பின்னால இருக்கற சுவரெல்லாம் புகை மாதிரி கரைஞ்சிடும். கடத்தூர்லேருந்து கல்யாணப் பொண்ணுங்க இதுக்குன்னே வராங்க."

"பின்னால இருக்கறது தெரியாதுங்களா?"

"சுத்தமா தெரியாது."

"அப்ப அது வேணாங்க."

அவள் எழுந்துபோய், வாசல் பக்கம் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "இத என் தலைக்குப் பக்கத்துல மாட்டுங்க. தேதி தெரியணும்."

"காலண்டரா? படத்தோட அழகே கெட்டுடும்."

"கெடட்டுங்க."

வஹிதாவின் கண் அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றில் நின்றது. "வூட்டுக்காரருக்கு அனுப்பவா? பட்டாளத்துல இருக்காரா?"

"அவருக்காகத்தாங்க. பட்டாளம் இல்ல."

"புருஷன் பார்க்கற படம் கொஞ்சம் லட்சணமா இருக்க வேணாமா?"

தீர்த்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கன்னத்தைக் கேமரா பக்கம் திருப்பிக்கொண்டாள். "முகம் தெரியணும், தழும்பும் தெரியணும், தேதியும் தெரியணும். அதுக்கு எந்தக் கண்ணாடியோ அதப் போடுங்க. இன்னிக்கே வேணும்."

புது லென்ஸை மனசில்லாமல் உள்ளே வைத்தார் அன்வர் பாஷா. கேமராவோடு வந்த சாதாரண லென்ஸையே மாட்டினார். கடைத் திறப்பு விழாவுக்கும் குரூப் போட்டோவுக்கும் எடுக்கிற லென்ஸ் அது. இருந்த விளக்கையெல்லாம் போட்டு, லென்ஸின் துவாரத்தைக் குறுக்கினார். காலண்டரின் எழுத்தும் அவள் கண்ணும் ஒன்றுபோலத் துல்லியமாகத் தெரிந்தன. தழும்பின் தையல் அடையாளம்கூடத் தெரிந்தது. ரொம்பக் கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும் என்று சற்றுப் பின்வாங்கி நின்று எடுத்தார். அவள் கடைசிவரை சிரிக்கவில்லை.

"இது எப்படி ஆச்சும்மா?" என்றாள் வஹிதா, அவள் எழுந்ததும்.

"அவரு கொடுவாள்ல வெட்டுனதுங்க."

வஹிதாவின் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது.

"குடிச்சிருந்தாரு. ஊரே பார்த்துக்கிட்டு நின்னுது. அன்னிக்கு ராவே கெடச்ச லாரியில ஏறிட்டேன். கோலார் பக்கம் போயி, ஆஸ்பத்திரியில தையல் போட்டுக்கிட்டு, கல்லு ஒடச்சிப் பொழைச்சேன். ஒருத்தருக்கும் சேதி சொல்லல."

அன்வர் பாஷாவுக்கு முகம் சிவந்தது. அவருக்கும் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி இருக்கிறாள்.

"அவனுக்கா படம்? வெட்டுனவன் தன் கை வேலையைப் பார்த்து ரசிக்கறதுக்கா? இந்த பிலிமை நான் கழுவ மாட்டேன். வேற ஸ்டூடியோ பாரும்மா."

"அப்படிச் சொல்லாதீங்க பாய்." அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "சாயங்காலம் வக்கீலு மெட்ராஸ் பஸ் ஏர்றதுக்குள்ள படம் அவரு கைக்குப் போகணும்."

"வக்கீலா? ஜீவனாம்சக் கேஸா?"

இல்லை என்று தலையாட்டினாள். வஹிதா கொடுத்த தண்ணீரை வாங்கியவள் குடிக்கவில்லை.

"நான் போன கொஞ்ச நாள்ல எங்கூருக் கெணத்துல ஒரு பொம்பள பொணம் மெதந்துச்சாம். முகம் அழுகிக் கெடந்துச்சாம். எங்கப்பனே நான்தான்னு சொல்லிக் கொள்ளி வெச்சிட்டாரு. எனக்குப் போன வாரந்தான் தெரிஞ்சுது."

அன்வர் பாஷா கேமராவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு வெட்டுனாரு, நெசந்தாங்க. ஆனா நான் சாகலீங்களே. என்னைக் கொலை பண்ணிட்டாருன்னு அவருக்குத் தூக்குன்னு தீர்ப்பு ஆயிருக்குதுங்க."