நடுவில் இருந்தவள்

ஒரு டீசல் பிக்கப் வண்டியில் எஞ்சின் அண்ணனும் கியர்பாக்ஸ் தம்பியும் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் அக்கா இருந்தாள். அண்ணனின் வேகத்தைத் தன் வயிற்றிலுள்ள எண்ணெயில் வாங்கி, பதமாகத் தம்பியிடம் சேர்ப்பது அவள் வேலை.

ஒருநாள் அண்ணனுக்குப் பலம் கூட்டினார்கள். அதன்பிறகு அக்காவால் தாங்க முடியவில்லை. மலை ஏறும்போதெல்லாம் வழுக்கினாள், கொதித்தாள்.

"நான் சொல்றதுல பாதிகூட அந்தப் பக்கம் போய்ச் சேரல. இவளை மாத்தினாத்தான் ஆகும்" என்று சலித்துக்கொண்டான் எஞ்சின்.

தம்பி அவளிடம் கெஞ்சினான். "அக்கா, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க."

"என் சூடு உன்னையும் கருக்கிடும், சாமி. நீ நல்லா இருக்கணும்" என்றாள் அவள்.

மெக்கானிக் அவளைக் கழற்றித் தரையில் வைத்தார். வழுக்காத புதுக் கன்வெர்ட்டரைப் பூட்டி, வண்டியைக் கிளப்பி, கியரைப் போட்டார்.

"போடா!" என்று ஓர் அடி வந்து விழுந்தது. தம்பியின் பற்களெல்லாம் அதிர்ந்தன.

"அண்ணே, என்மேல என்ன கோபம்?"

"கோபமா? எப்பவும் சொல்றதைத்தானே சொன்னேன்!"

"இல்லையேண்ணே. தினமும் 'போலாமா தம்பி'ன்னுதானே கேப்பீங்க?"

எஞ்சினின் உறுமல் தணிந்தது. "நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லையே..."

"என்கிட்ட சொன்னதை அப்படியே சொன்னேன்" என்றான் புதியவன்.

அண்ணனும் தம்பியும் கீழே பார்த்தார்கள். பட்டறைத் தரையில் அக்கா கவிழ்ந்து கிடந்தாள். அவள் வயிற்றிலிருந்து கருகிய எண்ணெய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.