அனுபவத்துக்கு மார்க்

"எங்கம்மாவைப் பாத்துக்கிட்டதுக்கு மார்க் கேக்கப் போறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

பிராங்க்ளின் தட்டைத் தள்ளிய வேகத்தில் சாம்பார் மேஜை விரிப்பில் கொட்டியது. எப்போதும் ஓடிவந்து துடைக்கும் லிசி, அன்று இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"கேட்டா என்ன தப்பு? ஞாயித்துக்கிழமை பூசையில அறிவிச்சாங்களே, நீங்களும்தானே இருந்தீங்க? வீட்டுல படுக்கையில கிடந்தவங்களைப் பாத்துக்கிட்டவங்க ஃபாதருங்க நடத்துற காலேஜ்ல முதியோர் பராமரிப்பு டிப்ளமா சேர்ந்தா, அந்த அனுபவத்துக்கே பாதி மார்க் குடுக்குறாங்களாம். அது இருந்தா ஸ்ரீரங்கத்துல மணிமேகலை அக்கா நடத்துற முதியோர் இல்லத்துல எனக்கு வேலை நிச்சயம்."

"பெத்த தாய்க்குச் செய்யறது கடமை. அதைக் கொண்டுபோய் காலேஜ்ல விப்பியா?"

"உங்களைப் பெத்த தாய்ங்க. செஞ்சது நான்."

அவன் முகம் சிவந்தது.

"நான் வேலைக்கும் போயிட்டு, தபால்ல புக்கு வரவழைச்சு, கண்ணு முழிச்சுப் படிச்சு வாங்குனேன் டிகிரி. அதனாலதான் இன்னிக்கு கம்பெனியில வெல்ஃபேர் ஆபீசர். நீ பீத்துணி அலசிட்டு, சும்மா உக்காந்த இடத்துல டிப்ளமா வாங்கப் பாக்குறியா? அந்தக் காலேஜ் பக்கம் உன் தலை தெரிஞ்சுது, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாத!"

கதவை அறைந்துவிட்டுப் போனான். அவன் பைக் தெருமுனை திரும்பும் சத்தம் அடங்கிய பிறகும் அந்த ஒரு வார்த்தை லிசியின் காதிலேயே நின்றது.

சும்மா.

மாமியார் ரோசம்மாள் பக்கவாதம் வந்து பாலக்கரை வீட்டுப் பின்னறையில் எட்டு வருஷம் கிடந்தாள். புரட்டிப் படுக்க வைத்தது, குளிப்பாட்டியது, சோற்றைக் கூழாகக் கரைத்து ஊட்டியது, சாயங்காலம் காதருகே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னது, எல்லாம் லிசிதான். மணப்பாறையில் சொந்த அம்மா செத்தபோதுகூட, மண் போட்ட கையோடு பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். பிராங்க்ளின் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி அறை வாசலில் நின்று, "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்பான். அதோடு சரி. போன வருஷம் ரோசம்மாளை அடக்கம் செய்தபோது, வந்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் கட்டிப்பிடித்துத் தேற்றினார்கள்.

லிசி புடவை மாற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தாள். படி ஏறாதே என்றால் ஏறவில்லை. அதையும் பார்த்துவிடலாம்.

கல்லூரியில் ஃபாதர் அமிர்தசாமியும் சமூகப்பணித் துறைத் தலைவி பெலிண்டாவும் நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் சிரித்த முகமாக வரவேற்று நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. யாரைப் பாத்துக்கிட்டீங்க?"

"என் மாமியாரை ஃபாதர். பேரு ரோசம்மாள். பாலக்கரையில எங்க வீட்டுலதான் எட்டு வருஷம் படுக்கையில இருந்தாங்க."

ஃபாதரின் சிரிப்பு அப்படியே நின்றது. பெலிண்டா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

"பிராங்க்ளின்."

"அவங்களைப் பாத்துக்கிட்டது யாருன்னு இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் பெலிண்டா.

"நான்தான் மேடம். நான் ஒருத்தியேதான்."

ஃபாதரும் பெலிண்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாதர் பேனாவை மூடினார்.

"இது சரிப்பட்டு வராதும்மா. நீங்க போகலாம்."

"ஏன் ஃபாதர்? ஒரு கேள்விகூடக் கேக்கலையே நீங்க!"

"கேட்ட வரைக்கும் போதும்."

"என்ன குறைன்னு சொல்லுங்க, போறேன். சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"செத்துப்போனவங்க பேரைச் சொல்லிப் பொய் சொல்றீங்களே, அதுதான் குறை!" பெலிண்டாவின் குரல் சுள்ளென்று வந்தது. "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் உண்மையாக் கஷ்டப்பட்டவங்களுக்குக் கெட்ட பேரு."

லிசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலி பின்னால் சாய, எழுந்து நின்றாள்.

"பொய்யா? யாரு பொய் சொல்றது? அவங்க முதுகுப் புண்ணை நான் கழுவுனேன் மேடம். அவங்க வாந்தியை இந்தக் கையில ஏந்துனேன். உயிர் போறப்போ அவங்க தலை என் மடியிலதான் இருந்துது. அதைப் போய்ப் பொய்ங்கறீங்களே, நீங்கள்லாம் சிலுவையைச் சுவத்துல மாட்டி வச்சுக்கிட்டு நியாயம் பேசுறீங்களா?"

"சத்தம் போடாதீங்க. இது காலேஜ்."

"போடுவேன்! எனக்கு உங்க மார்க்கும் வேணாம், டிப்ளமாவும் வேணாம். நான் பொய்க்காரி இல்லைன்னு மட்டும் ஆகணும்." மூச்சு வாங்கியபடி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "இதோ, எங்க வீட்டுக்காரருக்கே போன் போடுறேன். அவருக்கு நான் இங்க வந்ததே பிடிக்கல, காலையில அவ்வளவு சண்டை. ஆனா அவரே வந்து சொல்லட்டும். என்ன கோவம் இருந்தாலும் பெத்த தாய் விஷயத்துல அந்த மனுஷன் வாயில பொய் வராது."

ஃபாதர் கையை நீட்டி அவளைத் தடுத்தார்.

"அவரு ஏற்கெனவே வந்து சொல்லிட்டாரும்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க தபால்வழி டிகிரியில சேர வந்தப்போ, 'எம் பொண்டாட்டி எங்கம்மா ரூமை எட்டிக்கூடப் பாக்குறதில்ல, எல்லாத்தையும் நான் ஒருத்தனேதான் செய்யறேன்'னு நீங்க உக்காந்திருந்த அதே நாற்காலியில உக்காந்து அழுதாரு. அந்த அனுபவத்துக்கு நாங்க போட்ட மார்க்குலதான் அவரு டிகிரியே வாங்குனாரு."