சிவப்புக்குப் போன முள்

"முள்ளு சிவப்புக்குப் போகணும்யா. அதுதான் வேணும்" என்றான் லோடுமேன். பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள்.

மெக்கானிக் டப்பாவைப் பிரித்து மீட்டரை வெளியே எடுத்தான். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற மீட்டர்களில் கடையில் இருந்ததிலேயே மலிவானது அது. வளையத்தில் பூசிய வெள்ளி இப்போதே உரிய ஆரம்பித்திருந்தது.

"எல்லாரும் முள்ளு இறங்கணும்னு வருவாங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே ஏறணும்னு வந்திருக்கீங்க."

"மச்சான் வர்றான். இவளோட தம்பி. ஒரு வாரத்துக்குக் கார் வேணுமாம். இல்லைன்னா என்னைக் கஞ்சப்பயன்னு சொந்தம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவான். முள்ளு சிவப்புல நின்னா அவனே வேண்டாம்னுடுவான்."

மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவன் வாங்கிய பழைய கார் அது. போன தடவை மச்சான் திருப்பிக் கொடுத்தபோது ஒரு கதவு உள்ளே போயிருந்தது. பின் சீட்டெல்லாம் மணல். அந்த மணலை அள்ளிக் கொட்டியவள் மனைவி. அதனால் கூடப்பிறந்தவன் என்றும் பார்க்காமல் அவளும் இதில் கூட்டு.

மெக்கானிக் மீட்டரை டேஷ்போர்டில் திருகினான். அதன் வயரிலிருந்து இன்னொரு வயரைப் பிரித்து, அவள் உட்காரும் பக்கம் கால்மிதிக்கு அடியில் ஒரு பொத்தானில் முடித்தான்.

"மிதிங்கக்கா."

அவள் மிதித்தாள். முள் துள்ளிப்போய்ச் சிவப்பில் முட்டியது. காலை எடுத்தாள், விழுந்தது.

"அப்படியே ரேடியேட்டரையும் ஒரு பார்வை..."

"மீட்டர் போடச் சொன்னா மீட்டரை மட்டும் போடு. ஒரு நட்டைக் கழட்டச் சொன்னா இன்ஜினையே இறக்கிடுவீங்களே."

அன்று சாயங்காலமே மச்சானைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுக் கிளம்பினார்கள். மேம்பாலம் ஏறும்போது முள் அசைந்தது. அவசரமே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. இவ்வளவு பக்குவமாக மிதிக்க எங்கே கற்றாள் என்று லோடுமேன் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

"மாமா, சூடு ஏறுது."

"தினமும் இதே கூத்துதான் மச்சான். எங்களுக்குப் பழகிப்போச்சு. உனக்குத்தான் ஒத்துவருமான்னு யோசிக்கிறேன்."

"ஓரங்கட்டுங்க மாமா. கருகுற வாடை வருது."

"அது முன்னாடி போற லாரி."

மனைவி அவன் தொடையைக் கிள்ளினாள். நடிப்புக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு அவன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினான்.

"எனக்கு இந்தக் காரே வேண்டாம் மாமா. உசுரோட ஊர் போய்ச் சேரணும். அந்தப் பஸ் ஸ்டாப்புல இறக்கிவிடுங்க."

"கோவிச்சுக்கிட்டுப் போகாத மச்சான். வேணும்னா எடுத்துட்டுப் போ."

"நீங்களே வெச்சு ஆளுங்க."

மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். லோடுமேனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினான்.

"கெட்டிக்காரிடி நீ. போதும், காலை எடு."

"நான் இன்னும் காலே வைக்கலைங்க."