தோற்பதற்கு ஒரு படை

"எடுத்துக்கோங்கோ மிஸ்டர் ஆம்ப்ரோஸ். உங்க இஷ்டம்தான்," என்றார் வைத்தீஸ்வரன்.

சாப்பாட்டு மேஜைமேல் பச்சைக் கம்பளி விரித்திருந்தது. அடியில் தடித்த புத்தகங்களைச் செருகி மேடு, பள்ளம், கணவாய் எல்லாம் உண்டாக்கியிருந்தார்.

ஒரு பக்கம் வெல்வெட் பதித்த மரப்பெட்டி. அதில் சிவப்புக் கோட்டு போட்ட ஈயச் சிப்பாய்கள் ஆளுக்கொரு குழியில் சொகுசாகப் படுத்திருந்தார்கள்.

மறுபக்கம் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் மற்றவர்கள்.

ஆம்ப்ரோஸின் கை தானாகவே மரப்பெட்டிப் பக்கம் போயிற்று. வைத்தீஸ்வரன் தொண்டையைச் செருமினார். கை டப்பாவுக்குத் திரும்பியது.

ஆபீசில் ஆம்ப்ரோஸ் அக்கவுண்டன்ட், வைத்தீஸ்வரன் மேனேஜர். டெபுடி மேனேஜர் நாற்காலி சில மாதங்களாகக் காலி. ரிச்மண்ட் டவுன் பங்களாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருவனைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆம்ப்ரோஸின் மனைவி பெர்னதெத்துக்கும் தெரியும். பூசை முடிந்து லிங்கராஜபுரம் மாதா கோயில் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"போனோமா, தோத்தோமான்னு வந்துடுங்க. ஜெயிச்சுத் தொலைச்சிடாதீங்க."

இந்த பங்களா, நாய், மேஜை, ஈயச் சிப்பாய்கள் எல்லாம் ஹெர்பர்ட் துரை கப்பலேறும்போது வைத்தீஸ்வரனுக்கு விட்டுவிட்டுப் போனவை. மேனேஜர் நாற்காலியும்தான். நாயை அவர் இன்னும் இங்கிலீஷில்தான் கொஞ்சுவார். தமிழில் கொஞ்சினால் அதன் ஜாதி கெட்டுவிடும் என்று பயம்.

இன்றைக்கு ஆடப்போவது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கலகம். நூறு வருஷத்துக்கு முந்தைய ஐம்பத்தேழு.

வியாழக்கிழமைதான் ஆபீஸ் மாடியில் கொடியேற்றிவிட்டு, அதைக் கலகம் என்று சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகும், அது நம் முதல் சுதந்திரப் போர் என்று வைத்தீஸ்வரன் குரல் தழுதழுக்கப் பேசினார். ஆம்ப்ரோஸுக்குக்கூடக் கண் கலங்கியது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மூன்று நாளில் அது மறுபடியும் கலகமாகியிருந்தது.

ஆம்ப்ரோஸ் டப்பாவைக் கிளறினான். துரையின் கணக்கில் சிவப்புக் கோட்டு போடாதவன் எல்லாம் ஒரே ஜனம் போலிருக்கிறது. ஆப்கானியன், பர்மாக்காரன், ஈட்டி பிடித்த ஆப்பிரிக்கன் எல்லோர் தலையிலும் ஒரே வெள்ளைப் பெயிண்டால் முண்டாசு கட்டிவிட்டிருந்தார்.

தோற்பது என்று முடிவான பிறகு ஒழுங்காகத் தோற்க வேண்டாமா? ஆம்ப்ரோஸ் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். துப்பாக்கி வளைந்தவன் ஒருத்தன். ஒற்றைக் காலன் ஒருத்தன். தண்ணீர்த் துருத்தி சுமப்பவன், தும்பிக்கை இல்லாத யானை, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு தாடிக்காரன். இப்படி ஒரு படையோடு யாரும் எந்தக் காலத்திலும் எதையும் ஜெயித்திருக்க முடியாது.

"பிரமாதமான செலக்ஷன்," என்று வைத்தீஸ்வரன் மனசாரப் பாராட்டினார்.

ஆட்டம் சுலபம். பகடையில் ஆறு விழுந்தால் எதிரி வரிசையில் ஒருவன் சாவான்.

ஆம்ப்ரோஸுக்கு ஆறு விழுந்தது. மறுபடியும் ஆறு. நடுவில் ஒரு மூன்று விழுந்தபோது அப்பாடா என்றிருந்தது. அதற்கும் சேர்த்து வைத்து அடுத்த கையில் ஆறு.

சிவப்புக் கோட்டுகள் மல்லாந்து விழுந்தன. தும்பிக்கை இல்லாத யானை கணவாயைத் தாண்டியது. காபி கொண்டுவந்த மேனேஜரின் மனைவி ராஜலக்ஷ்மி டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"அடடே, இவாளும் முன்னாடி வருவாளா!"

ஆம்ப்ரோஸின் காது சூடேறியது. பெர்னதெத் மறந்துபோனாள். நாற்காலி மறந்துபோனது. ஒற்றைக் காலனை அவனே இரண்டு விரலால் தூக்கி, மேட்டின் உச்சியில், குதிரைமேல் தனியாக மிஞ்சியிருந்த ஜெனரலுக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினான். நிறுத்தும்போது வாயால் 'டுமீல்' என்றும் சொல்லிவிட்டான்.

இன்னும் ஒரே ஒரு ஆறு.

பகடையை எடுத்தான். வைத்தீஸ்வரன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமாக இல்லை. வாத்தியார் தப்பாக எழுதும் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல.

"ஹெர்பர்ட் துரையோட ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதே மேஜையில ஆடியிருக்கேன். இதே டப்பாதான் எனக்கு. அவர் ஊருக்குப் போற வரைக்கும் ஒரு தடவைகூட நான் ஜெயிச்சதில்லே." கையை விட்டார். "எனக்கு மட்டும் ஆறு விழாமலா இருந்திருக்கும், மிஸ்டர் ஆம்ப்ரோஸ்?"

ராஜலக்ஷ்மி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆம்ப்ரோஸ் உருட்டினான். பகடை கம்பளியில் ஓடி, ஜெனரலின் குதிரைக் குளம்பில் முட்டி நின்றது.

ஆறு.

ஆம்ப்ரோஸின் உள்ளங்கை அதன்மேல் கவிந்தது. பகடையின் முனை சதையில் குத்தியது.

"ஒண்ணு, சார்."

கை மூடுவதற்கு முன்பே வைத்தீஸ்வரன் பார்த்திருந்தார். அவர் பார்த்துவிட்டார் என்பதை ஆம்ப்ரோஸும் பார்த்தான்.

"ஹார்ட் லக்," என்றார், அசல் துரைபோலவே, மூக்கால். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ராஜம், நம்ம டெபுடி மேனேஜருக்கு இன்னொரு காபி கொண்டு வா."